புது லேப்டாப் கேட்பதற்கு முன்னால்...



சென்ற இதழில் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணா ஒருவர், ஆன்லைன் ரோல்-பிளேயிங் விளையாட்டு ஒழுங்காக ஓட வேண்டுமானால் கேமிங் லேப்டாப் வாங்கியே ஆக வேண்டும், சாதா லேப்டாப்பை வைத்துக்கொண்டு கஷ்டப்படுவது வீண் என்று எழுதியிருந்தார். கையெழுத்து அச்சடித்தது போல அழகு. ஓரத்தில் டிராகன் படம் வேறு வரைந்திருந்தார். ஆனால் அவர் கருத்தை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பொறாமையில் சொல்லவில்லை. (யாரோ சிரிப்பது இப்போதே காதில் விழுகிறது.) அந்தக் கட்டுரை இந்தச் சுவரில் ஏறிய பிறகு எங்கள் வகுப்பில் மூன்று பேர் வீட்டில் புது லேப்டாப் கேட்டு அடம் பிடித்தார்கள். அறுபது, எழுபதாயிரம் ரூபாய் என்பது பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்க்கும் அப்பா அம்மாவுக்கு எத்தனை மாத உழைப்பு? திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

மூவரில் ஒருவனுக்குக் கிடைத்தும் விட்டது. பேர் சொல்ல மாட்டேன். அவன் அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போய், கீபோர்டில் வானவில் மாதிரி லைட் எரியும் லேப்டாப் வீட்டுக்கு வந்தது. முதல் நாள் சாயந்திரமே நாலு பேர் ஒன்றாக விளையாட்டில் இறங்கினோம். இவன் வாளை ஓங்கி வெட்டுகிறான், அடி ஒரு நொடி கழித்துத்தான் படுகிறது. எதிரே இருந்த அரக்கன் இங்கிருந்து அங்கே குரங்கு மாதிரித் தாவுகிறான். பழைய லேப்டாப்பில் எப்படியோ அப்படியே! படம் மட்டும் பளபளப்பாக இருந்தது. காரணம் என்னவென்றால், அவன் வீட்டு வைஃபை ரவுட்டர் கீழே ஹாலில், இவன் படுக்கை மாடியில். நடுவில் ஒரு கான்கிரீட் தளமும் இரண்டு சுவரும். காய்ச்சல் ஒருவனுக்கு, ஊசி இன்னொருவனுக்கு என்று ஆகிவிட்டது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: "கேம் ஸ்லோவா இருக்கு" என்பது ஒரு நோய் இல்லை, மூன்று நான்கு நோய். எது என்று பார்க்காமல் பணத்தை எடுக்கக் கூடாது. பார்த்த பிறகு நம்மில் நிறையப் பேருக்குப் பணமே தேவைப்படாது.

விளையாடாத ஆசிரியர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஆன்லைன் ரோல்-பிளேயிங் விளையாட்டு என்றால் ஒரு பெரிய கற்பனை உலகத்தில் நாம் ஒரு பாத்திரமாக நடந்து, சண்டை போட்டு, பொருள் சேர்த்து, பல ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஆடுவது. எங்கள் பள்ளியில் அதிகம் பேர் ஆடுவது ஜென்ஷின் இம்பாக்ட். சீனாவின் மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பர் 28-ல் வெளியிட்டது. இதில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கணக்குப்பிள்ளை. இவர்தான் சர்வர். எங்கோ தூர தேசத்தில் உட்கார்ந்து யாரிடம் என்ன இருக்கிறது, எந்தப் பெட்டியை யார் திறந்தார் என்று பேரேடு எழுதுகிறார். இன்னொருவர் ஓவியர். இவர்தான் நம் லேப்டாப். நொடிக்கு முப்பது, அறுபது படம் வரைந்து தள்ளுகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் ஓடுகிறவர் தபால்காரர், அதாவது இன்டர்நெட். புது லேப்டாப் வாங்கினால் ஓவியர் மட்டும்தான் மாறுவார். கணக்குப்பிள்ளையும் தபால்காரரும் பழைய ஆட்களே!

யாருக்கு உடம்பு சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கூட்டமில்லாத இடத்தில் நின்றுகொண்டு மவுஸை மட்டும் இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். திரும்புவதே தடதடவென்று இருந்தால் ஓவியருக்கு முடியவில்லை. திரும்புவது வெண்ணெய் மாதிரி இருந்து, கூட ஆடுகிறவர்களும் அரக்கர்களும் மட்டும் தாவினால், அடி தாமதமாகப் பட்டால், தபால்காரர். புது ஊருக்குள் ஓடி நுழையும்போது மட்டும் ஒரு நொடி உறைந்து நின்றால் ஹார்ட் டிஸ்க் அல்லது ராம். முதல் பத்து நிமிஷம் நன்றாக ஓடி அதன் பிறகு மெல்ல மெல்லச் சோர்ந்தால் சூடு. சந்தேகமே வேண்டாம். எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்த லேப்டாப்களில் பாதிக்கு மேல் இந்தக் கடைசி நோய்தான். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். தபால்காரரை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஒளிவிலகல் பாடத்தில் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5 என்று படித்தோம் அல்லவா? ஒளி வெற்றிடத்தில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். கண்ணாடி இழைக்குள் அதை 1.5 ஆல் வகுத்தால் 2 லட்சம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். போய்த் திரும்ப 5,800. வகுத்துப் பாருங்கள், 29 மில்லிநொடி. விளையாட்டின் சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் அதற்குக் குறைந்து உலகத்தில் எந்த லேப்டாப்பாலும் பதில் வாங்க முடியாது. லண்டன் என்றால் சுமார் 8,200 கிலோமீட்டர், போய்வர 82 மில்லிநொடி. கடலடிக் கேபிள் வளைந்து போவதாலும் வழியில் பல இடத்தில் நின்று போவதாலும் நிஜத்தில் இன்னும் கூடும். இதைத்தான் பிங் என்கிறோம். இயற்பியல் விதியைக் கடையில் விற்க மாட்டார்கள்.

ஆனால் நம் வீட்டுக்குள் நாம் சேர்க்கிற தாமதத்தைக் குறைக்கலாம். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து நம் ரவுட்டரின் முகவரியையே பிங் செய்து பாருங்கள் (பல ரவுட்டர்களில் 192.168.1.1, இல்லையென்றால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்). ஒன்று, இரண்டு, ஐந்து மில்லிநொடி என்று வந்தால் வீட்டுக்குள் கோளாறு இல்லை. அதுவே 80, 3, 150, 7 என்று துள்ளினால் இன்டர்நெட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. ஒரு நெட்வொர்க் கேபிள் வாங்கி நேராகச் சொருகுங்கள். அல்லது ரவுட்டர் இருக்கும் அறையில் உட்கார்ந்து ஆடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கூட்டமில்லாதது, ஆனால் சுவரைத் தாண்டினால் வேகமாக வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டும், ஆனால் தெரு முழுக்க அதிலேதான் இருக்கிறது. இன்னொன்று, அக்கா போனில் கல்யாண வீடியோ அப்லோடு ஆகிக்கொண்டிருக்கும்போது பிங் எகிறும். அனுப்ப வேண்டிய சரக்கெல்லாம் ரவுட்டரில் வரிசையில் நிற்க, நம்முடைய சின்னத் துண்டுச்சீட்டும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. அக்காவிடம் சண்டை போடாமல் பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்வது நல்லது. (இது அனுபவம்.)

விளையாட்டுக்கு விளையாட்டு இந்தத் தாமதத்தின் வலியும் மாறும். ரூன்ஸ்கேப் என்று ஒன்று உண்டு. 2001-ல் வந்தது. அதன் 2007-ஆம் ஆண்டுப் பதிவை எடுத்து 2013-ல் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்று மறுபடி திறந்தார்கள். அதில் கணக்குப்பிள்ளை பேரேட்டைத் திறப்பதே 0.6 நொடிக்கு ஒரு முறைதான். நூறு மில்லிநொடி அங்கே பெரிய விஷயம் இல்லை. படமும் கட்டை கட்டையாக, பழைய காலத்துப் பொம்மை மாதிரி இருக்கும். 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் எங்கள் அக்காவுக்குக் கிடைத்த இலவச லேப்டாப்பில் இன்றைக்கும் அது முணுமுணுக்காமல் ஓடுகிறது. லேப்டாப்புக்கு ஏற்ற விளையாட்டைத் தேடுவதும் ஒரு வைத்தியம்தானே!

சரி, இப்போது ஓவியர்.

எல்லோரும் வேகம் வேகம் என்கிறார்கள். என்னைக் கேட்டால் கண்ணுக்கு வேண்டியது வேகம் இல்லை, சீர். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. 30 படம் என்றால் 33.3. சினிமாத் தியேட்டரில் காலம் காலமாக நொடிக்கு 24 படம்தான், யாரும் எழுந்து போகவில்லை. (சினிமாவில் அசைவு லேசாகக் கலங்கிப் பதிவாவதும் ஒரு காரணம் என்று இயற்பியல் சார் திருத்துவார், சரிதான் சார்.) ஆனால் ஒரு படம் 16-ல் வந்து, அடுத்தது 50-ல், அதற்கடுத்தது 20-ல் என்று வந்தால் சராசரி நன்றாக இருந்தாலும் பார்க்கத் தலை வலிக்கும். பஸ் மாதிரிதான். அரை மணிக்கு ஒன்று நேரத்துக்கு வந்தால் சமாளிக்கலாம். மூன்று ஒன்றாக வந்து அப்புறம் ஒரு மணி நேரம் எதுவுமே இல்லை என்றால்?

அதனால் சாதா லேப்டாப்காரர்கள் ஜென்ஷினில் 60-ஐப் பிடித்துத் தொங்காமல் ஃப்ரேம் எண்ணிக்கையை 30-க்குக் கட்டிவிடுங்கள். இதைச் சொன்னால் கேமிங் லேப்டாப்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 38, 55, 27, 41 என்று ஆடுவதைவிட 30, 30, 30, 30 எவ்வளவோ மேல். வாளை எப்போது ஓங்கினால் எப்போது விழும் என்று கை பழகிக்கொள்ளும். இரண்டாவது லாபம், மிஷினுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது.

அடுத்தது ரெண்டர் ரெசல்யூஷன் என்ற ஒரு வரி. 1.0 என்று இருக்கும். அதை 0.8 ஆக்கினால் வேலை ஐந்தில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைக்காதீர்கள். நீளமும் 0.8, அகலமும் 0.8. பெருக்கினால் 0.64. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புள்ளிகள் குறைந்துவிட்டன! 0.6 வைத்தால் 0.36 தான், ஆனால் முகமெல்லாம் குழைந்து போகும், எனக்குப் பிடிக்கவில்லை. 15 அங்குலத் திரையில் 0.8-க்கும் 1.0-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னால் பந்தயம் கட்டுகிறவர்களே திணறுவார்கள். நிழல், அதாவது ஷேடோ குவாலிட்டி, அதையும் இறக்குங்கள். ஒரு மரத்தின் நிழலை வரைய வேண்டுமானால் ஓவியர் சூரியன் இருக்கும் இடத்திலிருந்து அந்த மரத்தை இன்னொரு தடவை வரைந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இரட்டை வேலை. புகைமூட்டம் காட்டும் வால்யூமெட்ரிக் ஃபாக் இருந்தால் அணைத்துவிடலாம். நாலு பேர் சேர்ந்து ஆடும்போது மற்றவர்கள் விடும் நெருப்பு, மின்னல் வேடிக்கைகளைக் குறைக்கவும் ஒரு வரி உண்டு. கூட்டச் சண்டையில் மட்டும் தடுமாறும் லேப்டாப்புக்கு அது நல்ல மருந்து. எல்லாவற்றையும் மொத்தமாகக் கீழே இறக்க வேண்டியதில்லை. நிழலை இறக்கிவிட்டுப் பொருட்களின் தெளிவை விட்டுவையுங்கள். உலகம் அழகாகவே இருக்கும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். சூடு!

மெல்லிய லேப்டாப்களில் நிறைய 15 வாட் சில்லு கொண்டவை. கணக்குப் போடும் சி.பி.யூ.வும் படம் வரையும் பகுதியும் அந்த ஒரே சில்லுக்குள்தான் இருக்கின்றன. ஒரே தட்டில் சோறு. தொடர்ந்து ஆடும்போது அந்த 15 வாட்டை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இதில் சி.பி.யூ. கொஞ்சம் பேராசைக்காரர். டர்போ என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். வேலை வந்தவுடன் பாய்ந்து உச்ச வேகத்துக்குப் போவார், தட்டில் பாதிக்கு மேல் அள்ளிக்கொள்வார். ஓவியர் பட்டினி. சூடு ஏறி 95, 100 டிகிரியை நெருங்கியதும் சில்லு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள இரண்டு பேர் வேகத்தையும் வெட்டுகிறது. கொஞ்சம் ஆறும், மறுபடி பாயும், மறுபடி வெட்டும். நாம் திரையில் பார்க்கும் தடதடப்பு இதுதான்.

அதனால் கேட்கத் தலைகீழாக இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். சி.பி.யூ.வின் வேகத்தைக் குறைத்தால் விளையாட்டு சீராக ஓடும்! விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட் என்று ஒரு வரி, 100% என்று இருக்கும். அதை 99% ஆக்கிப் பாருங்கள். ஒரு சதவீதம்தான் குறைந்தது போலத் தெரியும், ஆனால் பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ முழுவதும் அணைந்துவிடும். (சில லேப்டாப்களில் இந்த வரியையே மறைத்து வைத்திருப்பார்கள். அங்கே லேப்டாப்போடு வந்த மென்பொருளில் சைலன்ட் அல்லது பேலன்ஸ்டு முறை இருக்கும், அதை முயற்சி செய்யுங்கள்.) ஏன் இவ்வளவு பலன்? சில்லு தின்னும் மின்திறன், வேகத்தோடு நேர்விகிதம், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் நேர்விகிதம். வேகம் கூட்டினால் மின்னழுத்தமும் கூட்ட வேண்டும். இரண்டையும் பத்து சதவீதம் குறைத்தால் 0.9-ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும், 0.729. பத்து சதவீதம் விட்டுக்கொடுத்து 27 சதவீத மின்சாரத்தை, அதாவது சூட்டை, மிச்சம் பிடிக்கிறோம். மிச்சமானது ஓவியருக்குப் போகிறது. இதைப் பாடத்தில் படித்திருந்தால் மறந்திருப்பேன், அரக்கனிடம் அடி வாங்கிப் படித்ததால் மறக்கவில்லை.

எல்லா விளையாட்டுக்கும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஊர் நிறைய ஆட்கள் கூடி நிற்கும் இடங்களில் சி.பி.யூ.வுக்கே வேலை அதிகம், அங்கே ஒரு வேளை நஷ்டமாகும். ஒரு தடவை 100, ஒரு தடவை 99, கால் மணி நேரம் ஆடிப் பார்த்து எது சீர் என்று முடிவு செய்யுங்கள். காசு செலவில்லாத சோதனை.

நம் ஊருக்கென்று இரண்டு தனிக் கஷ்டம் இருக்கிறது. ஒன்று வெயில். அக்னி நட்சத்திரத்தில் ஓட்டு வீட்டு அறை 38 டிகிரி என்றால், 24 டிகிரி ஏசி அறையில் இருக்கும் லேப்டாப்பைவிட நம் லேப்டாப் ஏறத்தாழ அந்த 14 டிகிரி மேலேயே ஓட்டத்தைத் தொடங்குகிறது. இன்டர்நெட்டில் "என்னுடையதில் நன்றாக ஓடுகிறதே" என்று சொல்லும் ஆள் எந்த அறையில் உட்கார்ந்து சொல்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. மே மாதத்தில் விடியற்காலை ஆறு மணிக்கு ஆடிப் பாருங்கள், லேப்டாப் மாறிய மாதிரி இருக்கும். இரண்டாவது பஞ்சு. பனியன் கம்பெனிக்குப் போய் வருகிறவர்கள் சட்டையில் ஒட்டிவரும் பஞ்சுத் தூசி விசிறிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளில் மெத்தை மாதிரிப் படிந்துவிடுகிறது. விசிறி கத்திக்கொண்டே சுற்றும், காற்று வெளியே வராது. கையை வெளிக்காற்றுத் துவாரத்தில் வைத்துப் பாருங்கள். ஆடும்போது சூடான காற்று பலமாக வந்தால் நல்லது. லேப்டாப் கொதித்தும் காற்று மெலிதாக வந்தால் அடைப்பு. வாரண்டி முடிந்த லேப்டாப் என்றால் தெரிந்தவரை வைத்து அடிப்பக்கத்தைத் திறந்து மெல்லிய பிரஷ்ஷால் எடுத்துவிடலாம். பேட்டரி இணைப்பை முதலில் கழற்ற வேண்டும். காற்று ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சும்மா விட்டால் கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் கெடும். மூன்று நான்கு வருஷ லேப்டாப்பில் சில்லுக்கு மேலே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்கும், அதையும் அப்போதே மாற்றிவிடலாம்.

எங்கள் ஊர்க் கடை ஒன்றில் ஒரு லேப்டாப்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "தம்பி, இது செத்துப்போச்சுங்க, புதுசு எடுத்துக்கங்க" என்றார்கள். பஞ்சு எடுத்த பிறகு அந்தச் செத்த லேப்டாப்பில்தான் இந்த மாதம் முழுக்க விளையாடினோம். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது. நம் பிழைப்பை நாம்தான் பார்க்க வேண்டும்.

மெத்தை மேல், தலையணை மேல் லேப்டாப்பை வைத்து ஆடாதீர்கள். பல லேப்டாப் அடிப்பக்கம் வழியாகத்தான் காற்றை இழுக்கும். பின்பக்கம் இரண்டு சோடா மூடி வைத்துத் தூக்கிவிட்டால்கூடப் போதும். ஆடும்போது சார்ஜரும் சொருகியிருக்கட்டும். பேட்டரியில் ஓடும்போது பெரும்பாலான லேப்டாப் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்தும் போதவில்லை, கொஞ்சம் பணம் செலவழிக்கலாம் என்று வீட்டிலேயே சொல்கிறார்களா? அப்படியென்றால் ராமைப் பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி. ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2 என்று இருந்தால் ஒரு இடம் காலி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஓவியர் தன் சாமானை ராமில்தான் பரப்பி வைக்கிறார். ஒற்றை ராம் என்றால் ஒற்றைக் கதவு. டி.டி.ஆர்.4 2400 வகையில் ஒரு கதவு வழியாக நொடிக்கு 19.2 ஜிபி, இரண்டு கதவு என்றால் 38.4. இன்டெல்லின் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் இருக்கும் லேப்டாப்பில் ஒற்றை ராம் மட்டும் போட்டால் அதே சில்லு தன் பெயரை வெறும் யு.எச்.டி. கிராஃபிக்ஸ் என்றுதான் காட்டும். பெயரே மாறுகிறது என்றால் பாருங்களேன்! ஆனால் 2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். சில லேப்டாப்களில் ராம் போர்டோடு ஒட்டியே வரும், இரண்டாவது இடமே இருக்காது. திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்.எஸ்.டி.யாக மாற்றினால் புது ஊருக்குள் நுழையும்போது வரும் உறைதல் குறையும். படம் வரையும் வேகம் கூடாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு ஏமாந்தவர்கள் நிறைய.

கேம் பூஸ்டர் என்று ஓசியில் கிடைக்கும் மென்பொருள்கள் தேவையே இல்லை. பின்னால் ஓடும் பிரவுசரை மூடுவதைத்தான் அது பெரிய வித்தையாகச் செய்கிறது, அதை நம் கையாலேயே செய்யலாம். அதைவிட மோசம், வேகம் கூட வேண்டும் என்று ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறவர்கள். மாதக்கணக்காகச் சேர்த்த அக்கவுண்ட் ஒரே ராத்திரியில் திருட்டுப் போனால் எத்தனை ஃப்ரேம் வந்து என்ன?

அண்ணா பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. ஜென்ஷின் வெளிவந்தபோதே குறைந்தபட்சம் 8 ஜிபி ராமும் ஜிடி 1030 கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும் என்றுதான் நிறுவனம் சொன்னது. 4 ஜிபி ராமும் பத்து வருஷப் பழைய சில்லும் இருக்கும் லேப்டாப்பில் நான் சொன்ன அத்தனையும் செய்தாலும் அது ஓடாது. அங்கே ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆடலாம், அல்லது பொறுத்திருக்கலாம். பிளஸ் டூ முடித்து, சேரும் படிப்புக்கு எந்த லேப்டாப் வேண்டும் என்று தெரிந்த பிறகு வாங்கினால் ஒரே செலவில் இரண்டும் முடியும். இப்போது அவசரப்பட்டு வாங்கினால் அன்றைக்கு அதுவும் பழசு.

"விளையாட்டே எதற்கு, படிக்கலாமே" என்று தமிழ் அம்மா கேட்பார்கள். தெரியும் அம்மா. ஆனால் விடுமுறையில் ஆடத்தான் போகிறோம். ஆடுவது வீட்டுக்கு வளையல் செலவு வைக்காமல் இருக்கட்டும் என்பதுதான் என் வாதம். வகுப்பில் "டப்பா லேப்டாப்" என்று கேலி செய்வதையும் கொஞ்சம் நிறுத்திக்கொண்டால் பாதி அடம் தானாகவே குறையும். லேப்டாப் கேட்ட அந்த மூன்று பேரும் விளையாட்டு ஓடாததற்காக மட்டும் கேட்டார்கள் என்று நான் நம்பவில்லை.

லேப்டாப்பைப் பள்ளிக்குக் கொண்டுவர அனுமதி இல்லை. அதனால் யாருக்காவது சந்தேகம் இருந்தால் ஒரு துண்டுத் தாளில் மூன்று எண் எழுதி வாருங்கள். விளையாட்டைத் தொடங்கியதும் டாஸ்க் மேனேஜரில் சி.பி.யூ. எத்தனை கிகாஹெர்ட்ஸ், கால் மணி நேரம் கழித்து எத்தனை, ரவுட்டரை பிங் செய்தால் எத்தனை. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் லேப் வாசலில் இருப்பேன். அந்த அண்ணாவும் வந்தால் சந்தோஷம், அவருடைய லேப்டாப்பின் எண்களையும் பார்க்க ஆசை.

— பதினோராம் வகுப்பு, ஆ பிரிவு